விசிலுக்குக் கட்டுப்பட்ட நாற்கண் பெட்டி

கோதாக் குழு அலுவலகம்,
சம்பாரே, பாத்திக் வட்டம்.
வியாழக்கிழமை, முற்பகல்.

பெறுநர்:
ஹமாத் கான் அவர்கள்,
மேலாளர், கோதா ஒளிபரப்பு வாரியம், டக்கார்.

அன்புள்ள மாப்பிள்ளை,

என் பெயர் தியெகான் செனே. சம்பாரே கோதாக் குழுவின் செயலாளர், தலைமை நடுவர், முப்பத்துநான்கு விதிகள் கொண்ட அதன் விதிப்புத்தகத்தை எழுதியவன். என் தங்கை கூம்பாவைத் தாங்கள் மணந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன என்பதால் இப்பெயர் தங்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் விதி 4-இன்படி எந்த மனுவும் எழுதுபவரின் பெயரோடும் நோக்கத்தோடும் தொடங்க வேண்டும். நோக்கம் இரண்டு. தங்கள் வாரியம் எங்கள் மல்யுத்தக் கோதாவில் நட்டுவைத்திருக்கும், ஆளில்லாமல் தானே படம் பிடிக்கும் கேமராவைக் கம்பத்தோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும். சென்ற ஞாயிறு நடந்த இறுதிப் போட்டியில் நான் அளித்த தீர்ப்பே முடிவானது என்று சனிக்கிழமைக்குள் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

கான்! கான்! கான்! குலப்பெயரை மும்முறை சொல்லித்தானே நாம் நலம் விசாரிப்போம். உடம்பு சுகமா? கூம்பா சுகமா? பிள்ளைகள் மூவரும் சுகமா? டக்காரின் வெயில் சுகமா? வேலை சுகமா? வேலையைப் பற்றிக் கேட்டது மரியாதைக்காக மட்டுமே. அது எந்த அழகில் நடக்கிறது என்பது இங்கே ஒன்பது மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு தினமும் என்னைப் பார்க்கிறது.

தொடங்குமுன் ஒரு விளக்கம். நாங்கள் செரேர், நீங்கள் துக்குலேர். நம் இரு குலத்தாரும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம், ஏச்சு வாங்கியவர் சிரிக்க வேண்டுமே தவிர முகம் சுளிக்கக் கூடாது என்பது நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் போட்ட முறை. ஆகவே, துக்குலேர்கள் மீன்சோற்றுக் கிண்ணத்தின் வாசனையை மோப்பம் பிடித்தே ஆற்றங்கரையிலிருந்து டக்கார் வரை நடந்து வந்து சேர்ந்தவர்கள் என்று நான் எழுதினால், அது முறைக் கேலி. ஆனால் இந்தக் கடிதத்தில் மனதாரச் சொல்லும் ஏச்சுகளும் உண்டு. இரண்டும் கலந்துபோய், முக்கியமான ஏச்சைக் கேலியென்று எண்ணித் தாங்கள் சிரித்துவிடக் கூடாது அல்லவா? எனவே மனதாரச் சொல்லும் இடங்களில் ‘இது கேலியன்று’ என்று குறித்திருக்கிறேன்.

தங்கள் வாரியத்தின் பொறியாளர் போக்கார் லி, சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகக் கடிதம் போட்டுவிட்டு, புதன்கிழமை பகல் ஒன்றே காலுக்கு, என் வீட்டில் சோற்றுக் கிண்ணத்தின் மூடியைத் திறக்கும் அந்த நொடியில் வாசலில் நின்றார். நாற்பது வயது, நல்ல வயிறு, துக்குலேர். இவற்றில் மூன்றாவதைச் சொன்னால் மற்றவற்றைச் சொல்லத் தேவையில்லை. கைகழுவி உட்கார்ந்தவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, “என்ன செரேரு, மீனு இவ்ளோதானா? மிச்சத்த எங்க ஒளிச்சு வச்சிருக்க?” என்றார். “நேத்துக் காலைல எட்டு மணிக்கு உன் பங்கு இங்கதான் இருந்துச்சு. நீதான் இல்ல” என்றேன். அதற்குப் பிறகு மூன்று சுற்றுத் தேநீர். கசப்புச் சுற்று, நடுச் சுற்று, இனிப்புச் சுற்று என்று ஒன்றையும் விடவில்லை. இனிப்புச் சுற்று முடிந்தபோது வெளிச்சமும் முடிந்திருந்தது. இப்படியாக முதல் நாள் நிறுவப்பட்டது அவருடைய வயிறு மட்டுமே.

மறுநாள் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். பறவைக் கூண்டளவு பெட்டி. முன்புறம் நான்கு கண்கள். நான்கும் நான்கு பக்கம் பார்த்து ஒரே படமாகச் சேர்த்துக்கொள்ளுமாம். யாரைத் தொடர வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை வெட்டி எறிய வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யுமாம். “பல்லாயிரம் ஆட்டம் பாத்துப் பாத்துப் பழகினதுங்க இது” என்றார். எத்தனை கோதாக்களைப் பார்த்திருக்கிறது என்று கேட்டேன். “எல்லாம் கால்பந்துதான். ஆனா வெளையாட்டுன்னா வெளையாட்டுதானே?” என்றார். மாப்பிள்ளை, ஓர் ஆசிரியராக இருபத்தாறு ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய எனக்கு, ஒரு மாணவன் எந்த வரியில் தோற்றான் என்பது உடனே தெரியும். தங்கள் வாரியம் தோற்ற வரி இது. இது கேலியன்று.

கம்பம் நடக் குழி வேண்டும். கோதாவின் கிழக்கு ஓரத்தில் ஒரு முழம் தோண்டியதும் ஓர் ஆட்டுக் கொம்பும் பூட்டிய பூட்டு ஒன்றும் வந்தன. யாரோ ஒரு மல்லனின் கையைப் பூட்டுவதற்காக எப்போதோ எவரோ ஓதிப் புதைத்தவை. பட்டம் பெற்ற பொறியாளர் போக்கார் லி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆறடி பின்னால் குதித்தார். நான் பார்த்த தாவல்களில் அந்த வயிற்றோடு அவ்வளவு தூரம் போனது வேறில்லை. வடக்கே தோண்டினோம்: மூன்று புட்டிகள், ஒன்றில் ஏதோ மிதந்தது. தெற்கே தோண்டினோம்: ஆமை ஓடு. “இந்த ஊர்ல மண்ணவிட மத்ததுதான்யா அதிகமா இருக்கு!” என்று கத்தினார். கடைசியில், யாரும் எதையும் புதைக்கத் துணியாத ஒரே இடமான நடுவர் மேசையின் அருகில், அதாவது என் மேசையின் அருகில், விதி 19-இன் காவலால் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தூய்மையாக இருக்கும் மண்ணில், கம்பம் நடப்பட்டது. அதனால்தான் பெட்டி எந்நேரமும் என் தலைக்கு மேல் நிற்கிறது.

பெட்டி ஏறியதும் மல்லர்களின் இரு பாசறையாரும் வந்துவிட்டார்கள். நான்கு கண் உள்ள எதுவும் மல்லனின் பலத்தை உறிஞ்சாமல் இருக்காது என்பது அவர்கள் கட்சி. ஆளுக்கொரு தாயத்து கட்டியே தீர்வோம் என்றார்கள். நடுநிலை தவறக் கூடாதென்று, பாசறைக்கு ஒன்று, நீளம் இருபது சென்டிமீட்டருக்கு மிகாமல் என்று எழுதிக் கொடுத்து, அளவுகோல் வைத்து அளந்தே கட்ட அனுமதித்தேன். பதிவு முழுவதும் வடக்குப் பக்கத்தில் ஒரு பசுவின் வால்மயிர் ஆடிக்கொண்டிருப்பது அதனால்தான். அதற்கு நான் பொறுப்பில்லை, அளவு பத்தொன்பதரைதான்.

பிறகு பெட்டிக்குக் கோதாவை அறிமுகப்படுத்தும் சடங்கு. போக்கார் லி கைக்கணினியைத் தட்டினார். திடலின் நான்கு மூலைகளையும் தொட்டுக் காட்டு என்றது அது. கோதா வட்டம். வட்டத்துக்கு மூலை ஏது என்று கேட்டேன்.

“செயலாளரே, கேட்டதுக்கு ஏதாவது குடுத்தாத்தான் இது அடுத்த பக்கத்துக்கே போவும். மூலைய நான் பாத்துக்கறேன். கோல் எங்க இருக்கு, அதச் சொல்லுங்க.”

“கோதால கோல் கிடையாது.”

“சரி, ஆளுங்க திரும்பத் திரும்ப ஓடிப்போற எடம் எது?”

“அவங்கவங்க பால் தொட்டிக்கு. ஓதின பால மேல ஊத்திக்கிட்டு வந்து ஆடுவாங்க, திரும்பிப் போவாங்க, திரும்ப ஊத்திக்குவாங்க.”

“அப்ப அதுதான் கோல்!” என்று இரண்டு தொட்டிகளையும் தொட்டுக் குறித்துவிட்டார்.

அடுத்த கேள்விதான், மாப்பிள்ளை, நம் இரு குலத்துக்கும் நடுவே எந்தப் பாட்டனும் வெட்டாத பள்ளத்தை வெட்டியது. “விசில் ஊதினா ஆட்டம் நிக்குமா?” என்று கேட்டார். மல்லன் ஒருவன் தோளை ஆட்டிக்கொண்டு நடன ஒத்திகை பார்ப்பதையும் முரசுக்காரர்கள் அடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்த நான், நிமிர்ந்து நின்று சொன்னேன்: “ஆட்டம் மட்டுமா? என் கோதாவுல விசில் ஊதினா எல்லாம் நிக்கும். முரசு நிக்கும், பாட்டு நிக்கும், கடலை விக்கிறவ வாய்கூட நிக்கும். விதி 7. திரும்ப விசில் ஊதினாத்தான் எல்லாம் தொடங்கும்.” அவர் அதை அப்படியே தட்டி உள்ளே அனுப்பினார். ‘ஆட்டம்’ என்று அவர் கேட்டது போட்டியை. நான் பதில் சொன்னது நடனத்தை. எங்கள் கோதாவில் முதல் விசிலுக்கு மல்லர்கள் பிடி போடுவார்கள், இரண்டாம் விசிலுக்கு விடுவார்கள் என்பதைச் சம்பாரேயில் பிறந்த கழுதையும் அறியும். சொல்லின் பொருளை வரையறுக்காமல் கேள்வி கேட்பவருக்குப் பொறியாளர் பட்டம் கொடுத்த கல்லூரி எது? இது கேலியன்று.

விளைவைச் சொல்கிறேன். ஞாயிறு பிற்பகல் பதினாறு போட்டிகள். ஒவ்வொன்றிலும் முதல் விசில் கேட்டதும், அடடா ஆட்டம் நின்றுவிட்டது என்று பெட்டி தன் நான்கு கண்களையும் மூடிக்கொண்டது. மல்லர்கள் பிடித்து, முறுக்கி, தூக்கி, வீழ்த்தி முடித்து நான் இரண்டாம் விசில் ஊதியதும், ஆட்டம் தொடங்கிவிட்டது என்று விழித்துக்கொண்டது. இடைவேளைகளை வைத்துக்கொள்வது இடத்துக்குக் கேடு என்று அது கருதுவதால், மூடிய நேரத்தில் நடந்த எதுவும் எங்கும் இல்லை. பதினாறு போட்டிகளில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மற்ற எல்லாம் உண்டு! நான்கு மணி நேரம் ஆறு நிமிடம் ஓடும் பதிவில் முரசுக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் செருப்பைத் தேடுவது இருக்கிறது, பாசறைப் பாட்டுக்காரி தன் மல்லனின் ஏழு தலைமுறையைப் பாடுவது இருக்கிறது, கோதாவுக்குள் நுழைந்த ஆட்டை மூன்று பேர் துரத்துவதும் நான்கு கண்ணாலும் நான்கு கோணத்தில் இருக்கிறது. மேல் மூலையில் கோல் கணக்கு வேறு. மல்லன் தொட்டிக்குப் போய்ச் சுரைக்குடுவையால் பாலை மேலே கவிழ்க்கும்போதெல்லாம் பெட்டி ஒரு கோல் போட்டிருக்கிறது. இறுதிப் போட்டியின் முடிவாக, மல்லர் இருவரின் பட்டப்பெயரோடு அது டக்காருக்கு அனுப்பியது என்ன தெரியுமா? ‘ஆனைப்புளி 14, உப்பளம் 11’. அந்த எண்களைத் தாங்களே வாரியத்தின் இணையப் பக்கத்தில் வெளியிட்டு, ‘விறுவிறுப்பான ஆட்டம்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். மல்யுத்தம் நடக்கும் நாட்டில் பிறந்து, அதற்கென்றே ஒரு மேசையில் உட்கார்ந்து, பதினான்குக்குப் பதினொன்று என்பதை ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு என் தங்கையைக் கொடுத்தோம். இது கேலியன்று.

நான் தொலைபேசியில் கேட்டபோது போக்கார் லி என்ன சொன்னார் தெரியுமா? “பெட்டி மேல ஒரு தப்பும் இல்ல செயலாளரே. நீங்க சொன்னத வரிக்கு வரி கேட்டிருக்கு. உங்க ஊர்லயே உங்க விசிலுக்கு மரியாத குடுத்தது அது ஒண்ணுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். துக்குலேர் சிரிப்பு.

இனி தீர்ப்புக்கு வருகிறேன். கடிதத்தின் உயிர் அதுதான். இறுதியில் மோதியவர்கள் ‘ஆனைப்புளி’ லாத்திர் ஃபாயும் ‘உப்பளம்’ சோபெல் தியோமும். பெயருக்கேற்ப முன்னவன் ஆனைப்புளி மரத்தின் அடிமரம் போன்றவன். பின்னவன் ஆறு ஆண்டுகளாக உப்பளத்தில் உப்பு வெட்டுபவன், எலும்பும் நரம்புமாக இருப்பான். வெல்பவனுக்கு ஒரு காளை. அதைவிட முக்கியமாக, டக்காரில் நடக்கும் பெரிய கொடிப் போட்டிக்கு எங்கள் வட்டத்தின் சார்பில் போகும் ஒரே இடம். சோபெலுக்கு வயது இருபத்தொன்பது. இந்த ஆண்டு போகாவிட்டால் அவன் இனிப் போகப்போவதில்லை என்பதை எல்லோரும் அறிவார்கள், நானும் அறிவேன். ஆனால் வயது விதிப்புத்தகத்தில் இல்லை. கோதாவின் சட்டம் எளிது: முதுகோ புட்டமோ மண்ணைத் தொட்டால் தோல்வி, இரண்டு கையும் இரண்டு முட்டியும் ஒன்றாக மண்ணைத் தொட்டாலும் தோல்வி.

லாத்திர் தன் பதினான்காவது முறையாகப் பால் தொட்டிக்குப் போய், இம்முறை தொட்டியையே தூக்கிக்கொண்டு நடுவுக்கு வந்து தலைக்கு மேல் கவிழ்த்தான். பாதி அவன் மேல், மற்ற பாதி கோதாவின் நடுவே நின்ற என் மேலும் சோபெல் மேலும். இருவர் உடம்பும் முடி முதல் கால் வரை பால். என் சட்டை, முகம், விசில் எல்லாம் பால். விசிலுக்குள் பால் போனால் அது ஊதாது, குமிழிதான் விடும். உதறிச் சரிசெய்துகொண்டு ஊதினேன். பிடித்தார்கள். பதினோரு விநாடி. இருவரும் ஒன்றாகச் சரிந்தார்கள். விசில் ஊதி லாத்திரின் கையை உயர்த்தினேன். சோபெலின் முதுகே முதலில் மண்ணைத் தொட்டது. இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று என் இரண்டு கண்ணால் கண்டேன்.

உடனே சோபெலின் அத்தை ஞிலான் தியோம், கடலைக் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கோதாவுக்குள் வந்துவிட்டாள். விதி 12-இன்படி கூடை உள்ளவர் கோதாவுக்குள் வரக் கூடாது; அதைக் கீழே போட்டுவிட்டு வந்ததால் நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

“யோவ் செனே! நாலு காலும் மண்ணுல ஊணினவன் ஆனைப்புளி. கைய ஏன்யா அவனுக்குத் தூக்கின?”

“தீர்ப்பு சொல்லியாச்சு. எடத்த விட்டுப் போம்மா.”

“கண்ண எங்க வச்சுட்டு ஊதின நீ? சட்டப் பையிலயா?”

கூட்டம் சிரித்தது. கண்ணைச் சட்டைப் பையில் வைப்பது என்பது என்ன உவமை? பள்ளிப் பையன் எழுதினால் அடித்துத் திருத்துவேன்.

“என் மருமவன் முதுகப் பாரு! திருப்பிப் பாரு! ஒரு பொட்டு மண்ணு இருக்கா?”

முதுகைப் பார்க்கும் வழக்கம் பழைய கோதாக்களில் இருந்தது. நடுவர் வீழ்ந்தவனைத் திருப்பி நிறுத்தி, எங்கே மண் ஒட்டியிருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவார். பயிற்சி பெற்ற நடுவரின் கண் இருக்க மண்ணிடம் சாட்சி கேட்பது எதற்கு என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் விதி 9-ஐத் திருத்தி நானே அதை நீக்கினேன். ஆகவே பார்க்கவில்லை. சோபெல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “விடு அத்த, அவரு சொன்னா சொன்னதுதான்” என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான். விதியை மதிக்கத் தெரிந்தவன். தோற்றவன் தோற்றவன்தான், ஆனாலும் மதிக்கத் தெரிந்தவன்.

அத்தைக்கு மதிக்கத் தெரியவில்லை. மறுநாளே பாசறையின் பெயரில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டாள். தங்கள் வாரியத்தின் புதிய ஆணைப்படி, ஆட்சேபம் வந்தால் பதிவைப் பார்த்தே முடிவு. முடிவு வரும்வரை பரிசுப் பொருள் செயலாளரின் காவலில். அதாவது காளை, குழுவின் அலுவலகமாகவும் இருக்கும் என் வீட்டின் பின்புறத்தில் கட்டப்பட்டிருக்கிறது. நான்கு நாளில் கூரைக்கு வைத்திருந்த கம்புத் தட்டையில் பாதியைத் தின்றுவிட்டது. இதை எழுதும்போதும் ஜன்னலுக்கு வெளியே மென்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. வேறு எந்த மனிதனையும் கோதாவில் மேலிருந்து நான்கு கண்ணும் வீட்டில் பின்னாலிருந்து இரண்டு கண்ணும் இப்படிப் பார்ப்பதில்லை. கடைத்தெருவில் நடந்தால் ஞிலான் கடலைக் கூடைக்குப் பின்னாலிருந்து, “செயலாளரய்யா, கடல வேணுமா? தடவிப் பாத்து வாங்குங்க, கண்ணுக்குத் தெரியாது!” என்கிறாள். நேற்று என் மாணவர்கள் முன்னிலையில் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஆயிரத்து நானூறு போட்டிகளுக்கு மேல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், ஒன்றுகூட மாற்றப்பட்டதில்லை. அந்தப் பெயர் ஒரு கடலைக் கூடைக்குப் பின்னால் கிடந்து சீரழிகிறது என்றால், காரணம், பார்க்க வேண்டிய பதினோரு விநாடியைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கள் பெட்டி. அது மட்டும் கண் திறந்திருந்தால் நான் சரியென்று ஊரே பார்த்திருக்கும். இது கேலியன்று. இதைவிடக் கேலியல்லாத ஒன்றை நான் எழுதியதே இல்லை.

ஆகவே: பதிவில் போட்டி இல்லை, போட்டி இல்லாத பதிவு சான்றாகாது, சான்று இல்லாதபோது விதி 2-இன்படி நடுவரின் கண்ணே முடிவு. இந்த மூன்று வரிகளைத் தங்கள் வாரியத் தாளில் எழுதி முத்திரை வைத்து அனுப்பினால் போதும். கூடவே கம்பத்தைப் பிடுங்க ஆள் அனுப்புங்கள். போக்கார் லி வேண்டாம். பயனற்றது என்பதற்குச் சான்றாக முழுப் பதிவையும் ஒரு குறுந்தகட்டில் இணைத்திருக்கிறேன்.

உங்கள் இல்லத்தில் அமைதி நிலவட்டும். கிண்ணம் காலியாகாமல் இருக்கட்டும், துக்குலேர் வீட்டில் அது கடினம் என்றாலும். கூம்பாவுக்கு என் ஆசிகள். பிள்ளைகளின் கணிதக் குறிப்பேடுகளை அடுத்த விடுமுறைக்கு எடுத்து வரச் சொல்லவும்.

இங்ஙனம்,
தங்கள் மைத்துனர்,
தியெகான் செனே.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்ட பிறகு, சான்றாக இணைக்கும் எதையும் இணைப்பவர் முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும் என்ற விதி 22 நினைவுக்கு வந்தது. நான் அதுவரை ஆடு வரும் இடம் வரை பார்த்துவிட்டு, கடைசிக் கோல் கணக்கை மட்டும் தள்ளிப்போய்ப் பார்த்திருந்தேன். எனவே பள்ளிக் கணினியில் நான்கு மணி ஆறு நிமிடத்தையும் பார்த்தேன். இப்போது பிற்பகல் மூன்றரை.

பதிவு தொடங்கி மூன்று மணி நேரம் ஐம்பத்தொரு நிமிடத்தில் லாத்திர் தொட்டியைக் கவிழ்க்கிறான். பெட்டி பதினான்காவது கோலைப் போடுகிறது. கோல் போட்டால் அருகில் போய்க் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு, காட்டுகிறது. மல்லர்களுக்கு நடுவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிற்கிறார். அவருடைய மூக்குக்கண்ணாடி இரண்டு வில்லையும் வெள்ளையாக இருக்கிறது. கழற்றுகிறார். பாலில் நனைந்த சட்டையால் துடைக்கிறார், இன்னும் வெள்ளையாகிறது. மடித்துச் சட்டையின் இடப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, அதன் மேல் இரண்டு முறை தட்டுகிறார். விசிலை உதறி ஊதுகிறார். பெட்டி கண்ணை மூடிக்கொள்கிறது. அடுத்த காட்சி இரண்டாம் விசிலுக்குப் பிறகு. அதே மனிதர் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இடமும் வலமும் பார்க்கிறார். அவர் எதைத் தேடுகிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. மல்லர்களைத் தேடுகிறார். எவன் முதலில் எழுந்து பக்கத்தில் நிற்கிறானோ அவன் கையைப் பிடித்து உயர்த்துகிறார்.

பிறகு ஞிலான் தியோம் ஓடி வருகிறாள். அவளை நான்கு கண்ணும் நன்றாகப் பார்த்திருக்கின்றன. அவளுக்குப் பின்னால் சோபெல் துண்டை எடுக்கத் திரும்புகிறான். பால் ஊறிய முதுகு. ஒரு மணல் விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றுகூட இல்லை. லாத்திரின் இரண்டு உள்ளங்கையும் இரண்டு முட்டியும் மாவில் புரட்டிய மீன்போல மண்ணாக இருக்கின்றன. மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். கண்ணாடி அணிந்தே பார்த்தேன்.

மாப்பிள்ளை, மேலே ‘இது கேலியன்று’ என்று குறித்த இடங்களில் எல்லாம் ‘இது கேலி’ என்று திருத்தி வாசிக்கவும். வேறு தாளில் மீண்டும் எழுத நேரமில்லை. முத்திரைத் தாள் தேவையில்லை. கம்பம் இருக்கட்டும். போக்கார் லியை வரச் சொல்லுங்கள். மதியம் ஒன்றே காலுக்கே வரலாம், மீன் இரண்டாகப் போடச் சொல்கிறேன். விசில் கேள்விக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும், இம்முறை எழுத்தில். பண்டிகைக்கு நீங்கள் வரும்போது செரேர்களின் கண்பார்வையைப் பற்றி எவ்வளவு நாள் பேச விரும்புகிறீர்களோ பேசுங்கள், முறைப்படி சிரிப்பேன்.

விதி 31: நடுவர் தன் தீர்ப்பைத் தானே திருத்தலாம், காரணத்தைப் பலர் கூடிய இடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி தன் வாயால் சொல்ல வேண்டும். எழுதிய நாளிலிருந்து எவரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எழுதும்போது பிற ஊர் நடுவர்களை நினைத்துத்தான் எழுதினேன். முதுகைப் பார்க்கும் வழக்கத்தையும் விதி 9-இல் பழையபடி சேர்த்துவிட்டேன்.

இப்போது கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாட்டிக்கொண்டு, காளையை அவிழ்க்கப் போகிறேன். பின்தெரு வழியாகப் போனால் உப்பளம் சோபெலின் வீடு அருகில்தான். கடைத்தெரு வழியாகவே போகப் போகிறேன், கடலைக் கூடை இருக்கும் நேரம் பார்த்து.